புதுப்பிப்பு: படுவான்கரைச் சைக்கிள் சுற்றில் ஒட்டும் காற்றும்

மட்டக்களப்பிலிருந்து வாவியின் மேற்குக் கரையான படுவான்கரைக்கு, வலையிறவுப் பாலம், வவுணதீவு, கொக்கட்டிச்சோலை போய் மண்முனைப் பாலத்தால் திரும்பும் ஒருநாள் சைக்கிள் சுற்றுக்கு இருவருக்கும் ஒரு ஒட்டுப்பெட்டி (பஞ்சர் ஒட்டும் சாமான் பெட்டி) போதும் என்று முன்பு எழுதியிருந்தேன். போதாது. வயலோரப் பாதையில் நெருஞ்சி முள் ஒரே டயரில் மூன்று நான்காக ஏறும். ஆளுக்கொரு மாற்று ரியூப்பும் வேணும்.

ஒட்டு கழல்வதற்குப் பெரும்பாலும் அவசரம்தான் காரணம். ரியூப்பை நன்றாக உரஞ்சி, சொலூசனை (ஒட்டும் பசையை) மெல்லிசாகப் பூசி, பளபளப்பு மங்கும்வரை ஐந்து நிமிடம் விடுங்கள். ஈரத்தோடு ஒட்டினால் வெயில் சூட்டில் நழுவும். பிறகு டயரின் உட்புறத்தை விரலால் மெதுவாகத் தடவிப் பாருங்கள். முறிந்த முள்நுனி உள்ளே கிடந்தால் புது ரியூப்பும் கொஞ்சத் தூரத்திலேயே காற்றுப் போகும்.

கச்சான் (மேற்கிலிருந்து வீசும் காற்று) அடிக்கும் மாதங்களில் மேற்கே போகும் பாதியை வெயில் ஏறுமுன் முடியுங்கள். தண்ணீர் ஆளுக்கு 3 லீற்றர்.