செங்கோண முக்கோணத்தில் பக்கங்களின் வர்க்கங்கள் ஏன் கூடுகின்றன?

கேள்வி:
செங்கோணத்தைத் தாங்கும் பக்கங்கள் 3 செ.மீ., 4 செ.மீ. என்றால் கர்ணம் 5 செ.மீ. என்பதை வரைந்து, அளந்தும் பார்த்துவிட்டேன். ஆனால் நீளங்களைப் பற்றிய ஓர் உறவில் வர்க்கம் எதற்காக நுழைகிறது என்பதுதான் பிடிபடவில்லை. மனப்பாடமாக அல்லாமல், காரணத்தோடு விளங்கிக்கொள்ள வழி உண்டா?

பதில் 1:
வர்க்கத்தைப் பரப்பாகப் பாருங்கள். 7 செ.மீ. பக்கமுள்ள சதுரம் ஒன்றை வரைந்து, ஒவ்வொரு பக்கத்தையும் கடிகாரச் சுற்றில் 3, 4 எனப் பிரித்து, அந்தப் புள்ளிகளை வரிசையாக இணைத்தால், நான்கு மூலைகளிலும் உங்கள் முக்கோணமே அமையும். நடுவில் நான்கு கர்ணங்கள் சூழ்ந்த நாற்கரம் எஞ்சும். முக்கோணத்தின் இரு குறுங்கோணங்களும் சேர்ந்து 90 பாகை என்பதால், நாற்கரத்தின் ஒவ்வொரு கோணமும் 180-இல் 90 போக மீதி 90 பாகை. ஆகவே அது சதுரம்தான். (பலரும் இந்த இடத்தைத் தாண்டிப் போய்விடுகிறார்கள், நிரூபணம் நிற்பதே இதன்மேல்தான்.) மொத்தப் பரப்பு 49, நான்கு முக்கோணங்களுக்கு 24, எஞ்சுவது 25. இனி அதே முக்கோணங்களை இரண்டிரண்டாகச் சேர்த்து, இரு செவ்வகங்களாக்கி எதிரெதிர் மூலைகளில் வையுங்கள். எஞ்சிய இடம் 9, 16 என்ற பரப்புள்ள இரண்டு சதுரங்களாக நிற்கும்; அவை சேர்ந்ததே முன்பு எஞ்சிய 25. வேறு எந்த நீளங்களை எடுத்தாலும் இந்த அமைப்பு மாறாது.

கேட்டவர்:
மிகவும் நன்றி, இப்போது தெளிவாகிறது. பரப்பைத் தொடாமல் நீளங்களைக் கொண்டே காட்ட முடியுமா?

பதில் 2:
முடியும். செங்கோண உச்சியிலிருந்து கர்ணத்துக்குச் செங்குத்துக்கோடு வரையுங்கள். கிடைக்கும் இரு சிறு முக்கோணங்களும் பெரிய முக்கோணத்துடன் ஒரு குறுங்கோணத்தைப் பகிர்ந்துகொள்வதால் அதனுடன் வடிவொத்தவை. எனவே 3 செ.மீ. பக்கம் கர்ணத்தில் ஐந்தில் மூன்று பங்காக இருப்பதுபோல, அதை ஒட்டிய கர்ணத் துண்டும் அந்தப் பக்கத்தில் ஐந்தில் மூன்று பங்கு, அதாவது 1.8 செ.மீ.; மற்றத் துண்டு 3.2 செ.மீ. இரண்டும் சேர்ந்தால் 5. ஒரே விகிதம் இருமுறை பெருக்கப்படுகிறது. வர்க்கம் நுழையும் வாசல் அதுவே.

பதில் 3:
செங்கோணம் இல்லையேல் இந்தச் சமன்பாடும் இல்லை என்பதைச் சேர்த்துக்கொள்ளுங்கள். 3, 4 பக்கங்களுக்கு இடைப்பட்ட கோணம் 60 பாகையானால் எதிர்ப்பக்கத்தின் வர்க்கம் 13. 120 பாகையானால் 37. 90-இல் மட்டுமே 25. பண்டைக் கிரேக்கக் கணித அறிஞர் யூக்ளிட் தம் 'எலிமெண்ட்ஸ்' (Elements) தொகுப்பின் முதல் நூலில், 47ஆம் கூற்றில் இந்தத் தேற்றத்தையும் 48ஆம் கூற்றில் அதன் மறுதலையையும் (வர்க்கங்கள் இப்படிக் கூடினால் கோணம் செங்கோணமே என்பதையும்) நிறுவுகிறார். மறுதலைதான் கோணத்தைச் சோதிக்க உதவுகிறது: 6, 7, 9 என்ற பக்கங்கள் கொண்ட முக்கோணம் பார்வைக்குச் செங்கோணமாகவே தோன்றும், ஆனால் 36-உம் 49-உம் சேர்ந்து 85, ஒன்பதின் வர்க்கமோ 81, ஆகவே அந்தக் கோணம் ஏறத்தாழ 87 பாகைதான்.