திருவனந்தபுரம் – மெல்போர்ன்: இருபதரை மணி நேரமா, பதினைந்தா?

பாளை போஸ்ட்மாஸ்டர்:
மகள் மெல்போர்னில் இருக்கிறாள், டிசம்பரில் பிரசவம். நானும் வீட்டுக்காரியும் முதல்முறையாக விமானம் ஏறப்போகிறோம். மாப்பிள்ளை டிக்கெட் அனுப்பியிருக்கிறார். திருவனந்தபுரத்தில் இரவு 11 மணிக்கு ஏறி, சிங்கப்பூரில் மாறி, மறுநாள் இரவு 7.30க்கு இறங்க வேண்டும். விரல் விட்டு எண்ணினால் இருபதரை மணி வருகிறது. டிக்கெட்டின் அடியிலோ 15 மணி என்று இருக்கிறது. 36 வருஷம் தபாலாபீசில் கணக்கு டேலி செய்தவனுக்கு இது டேலி ஆகவில்லை. மாப்பிள்ளையிடம் கேட்கக் கூச்சம். நேர்கோட்டில் 8,700 கிலோமீட்டர் என்று போன் காட்டுகிறது. சிங்கப்பூர் சுற்றுவழியா? வீட்டுக்காரிக்கு முழங்கால் வலி வேறு.

வள்ளியூர் தம்பி:
அண்ணாச்சி, உங்கள் கணக்கும் சரி, டிக்கெட்டும் சரி. ஏறுவது நம்மூர் நேரம், இறங்குவது அந்த ஊர் நேரம். டிசம்பரில் மெல்போர்ன் நமக்கு ஐந்தரை மணி முன்னே ஓடும். அக்டோபர் முதல் ஞாயிற்றிலிருந்து ஏப்ரல் முதல் ஞாயிறு வரை அங்கே கடிகாரத்தை ஒரு மணி தள்ளி வைக்கிறார்கள், மற்ற நாளில் நாலரைதான் வித்தியாசம். இருபதரையில் ஐந்தரையைக் கழித்துப் பாருங்கள். அந்த 15லும் சிங்கப்பூருக்கு நாலரை, அங்கே காத்திருப்பு மூன்று, அப்புறம் ஏழரை.

சிங்கப்பூர் வழி மொத்தம் 9,100 கிலோமீட்டர் சொச்சம். கூடுதலாக 400தான், விமானத்துக்கு அது அரை மணி. துபாய் போய்ப் போனால்தான் தலையைச் சுற்றி மூக்கைத் தொடுகிற கதை. திரும்பும்போது மெல்போர்ன்–சிங்கப்பூர் எட்டு மணிகூட ஆகலாம். அந்த உயரத்தில் காற்று மேற்கிலிருந்து கிழக்கே அடிக்கும், வரும்போது அது எதிர்க்காற்று.

கே.டி.சி. நகர் ஆச்சி:
அண்ணே, பேத்தி பிறந்தபோது நான் போய் வந்தேன். விமானத்தை விடுங்கள், பாளையிலிருந்து திருவனந்தபுரம் போவதுதான் பாடு. 150 கிலோமீட்டர்தான். நாகர்கோவில் வரை கார் பறந்தது. களியக்காவிளை தாண்டியதும் பாறசாலை, நெய்யாற்றின்கரை, பாலராமபுரம் என்று ஊர்ந்து ஊர்ந்து நாலரை மணி ஆகிவிட்டது. அந்த நேரத்தில் சிங்கப்பூரே போயிருக்கலாம்! மதியம் இரண்டு மணிக்கே கிளம்பிவிடுங்கள்.

மதினிக்கு வீல்சேர் வேண்டும் என்று மாப்பிள்ளையை இப்போதே பதியச் சொல்லுங்கள். சிங்கப்பூரில் ஒரு கேட்டிலிருந்து இன்னொரு கேட்டுக்கு நடப்பதற்குள் நம் கால் நம்மிடம் இருக்காது.

அப்புறம் தின்பண்டம், பொடி எது இருந்தாலும் மெல்போர்னில் கொடுக்கிற படிவத்தில் மறைக்காமல் எழுதுங்கள். நான் மணத்தக்காளி வற்றல் என்று எழுதினேன், விதை இருக்கிறது என்று எடுத்துக்கொண்டார்கள், அத்தோடு சரி. எழுதாமல் மாட்டினால் அபராதம் பெரிது.

பாளை போஸ்ட்மாஸ்டர்:
டேலி ஆகிவிட்டது தம்பி. வீல்சேருக்கு மாப்பிள்ளையிடம் சொல்லியாயிற்று. வற்றலை மட்டும் வீட்டுக்காரி பெட்டியிலிருந்து எடுக்க மாட்டேன் என்கிறாள். படிவத்தில் நான்தான் எழுத வேண்டுமாம்.