புதுப்பிப்பு: நீச்சல் வகுப்பு என்றாலே அழும் மகள்

ஐந்து வயது மகள் நீச்சல் வகுப்புக்குப் போக மாட்டேன் என்று அடம்பிடிப்பதைப் போன மாதம் எழுதியிருந்தேன். நீங்கள் சொன்னபடி அவளிடமே கேட்டேன். பயம் தண்ணீர்மேல் இல்லை, மூக்கில் நீர் ஏறுவதில்தான்!

அப்புறம் குளிக்கும்போது பக்கத்திலேயே உட்கார்ந்து, வாளித் தண்ணீரில் முகம் வைத்து மூக்கால் ‘ம்ம்ம்’ என்று முனகிக் குமிழி விடப் பழக்கினேன். மூச்சு வெளியே போய்க்கொண்டிருந்தால் நீர் உள்ளே ஏறாது என்பது அவளுக்கே புரிந்துவிட்டது. பரிசு ஆசை காட்டுவதை நிறுத்திவிட்டேன். அது இரண்டு வகுப்புகூடத் தாங்கவில்லை.

நேற்று மல்லாந்து மிதந்தாள். காது நனைந்ததும் கண் விரிந்தது. ஆனால் முதுகைத் தாங்கிய என் கையை அவளே தள்ளிவிட்டாள். ஐந்து நொடி இருக்கும். குதிக்க மட்டும் இன்னும் மாட்டேன் என்கிறாள். சரி, அவசரமில்லை.