மெடிக்கல்ல ஐ-பில் (கரு உண்டாகாம இருக்க அவசரத்துக்குப் போடுற மாத்திரை) கேட்டப்போ உங்களுக்கு என்ன நடந்துச்சு? அனுபவம் இருக்கவங்க சொல்லுங்க

ஓஎம்ஆர்_வாசி
கொஞ்ச நாள் முன்னாடி நடந்தது, மனச விட்டுப் போகவே மாட்டேங்குது அதான் எழுதுறேன். காண்டம் கிழிஞ்சிருச்சு, அவருக்கு விடியகாலைல ஃப்ளைட், கிளம்பிட்டாரு, நான்தான் கடைக்குப் போனேன். ஞாயித்துக்கிழமை, நல்ல கூட்டம். மெதுவாத்தான் கேட்டேன். கவுண்டர்ல இருந்த பையன் உள்ள திரும்பி "அண்ணே, ஐ-பில் இருக்கான்னு கேக்குறாங்க"ன்னு கத்துனான். பக்கத்துல சுகர் மாத்திரைக்கு நின்ன பெரியவர் கைல இருந்த சீட்ட மடிச்சுட்டு என்னையே பாத்தாரு, அந்தப் பார்வைதான் இன்னும் கண்ணுக்குள்ளயே நிக்குது. ஓனர் வந்து "அதெல்லாம் நாங்க வைக்கிறதில்லம்மா, எங்கயும் கிடைக்காது"ன்னுட்டாரு. காண்டம் கலர் கலரா கவுண்டர் மேலயே தொங்குது, பிரக்னன்சி கிட் கண்ணாடிக்குள்ள அடுக்கி வச்சிருக்கு, இந்த ஒரு மாத்திரை மட்டும் இல்ல. ஏரியால எந்தக் கடையிலயும் இதே பதில்தான். ஆப்ல பின்கோடு போட்டா இந்த இடத்துக்கு டெலிவரி இல்லன்னு வருது. கடைசில பெங்களூர்ல இருந்து வந்த பிரெண்டு வாங்கிட்டு வந்து கொடுத்தா. ஒவ்வொரு மணி நேரமும் முக்கியம்னு தெரிஞ்சு கைய கட்டிட்டு உக்காந்திருந்தேன் பாருங்க, அந்தக் கோபம் அடங்கல.

கோவை_ரைடர்
சிஸ்டர், கோயம்புத்தூர்லயும் இதே கதைதான். ஒய்ப் கைக்குழந்தையோட வீட்ல, நான் நைட்டு பைக்க எடுத்துட்டு வாளையார் தாண்டி கேரளாவுக்குள்ள போயி கஞ்சிக்கோடு பக்கத்துல ஒரு மெடிக்கல்ல கேட்டேன். உள்ளூர்ல நாலு இடத்துல "இல்ல, இல்ல"ன்னு கேட்டுட்டுப் போனதால வாயே வரல எனக்கு, தயங்கித் தயங்கிக் கேக்குறேன். அந்தச் சேட்டன் பில்லு போட்டுட்டே தலைய நிமித்தாம "ஒண்ணு மதியோ?"ன்னாரு, ஒண்ணு போதுமான்னு. அவ்ளோதான். தலைவலி மாத்திரை குடுக்குற மாதிரி குடுத்துட்டாரு. செக்போஸ்டுக்கு இந்தப் பக்கம் குத்தம், அந்தப் பக்கம் நூறு ரூபா சொச்சத்துக்கு மருந்து. பைக் இருந்துச்சு போனேன், இல்லாதவங்க என்ன பண்ணுவாங்க?

விருதை_குமரன்
தப்பா எடுத்துக்காதீங்க. தமிழ்நாட்டுல இதுக்குத் தடை இருக்கு, அதுவும் நல்லதுக்குத்தான். எங்க சித்தி பொண்ணு டாக்டரக் கேக்காம கருக்கலைப்பு மாத்திரை வாங்கிப் போட்டு ரத்தப்போக்கு நிக்காம ஐசியூ வரைக்கும் போயிட்டா. ஆஸ்பத்திரி வராண்டால சித்தி அவ செருப்ப மடில வச்சுக்கிட்டு உக்காந்திருந்தாங்க. அத நேர்ல பாத்தவன் நான், அதனாலதான் சொல்றேன், இதெல்லாம் கடைல சும்மா கிடைக்கவே கூடாது.

பார்மசிஸ்ட்_தேவி
குமரன் தம்பி, உங்க தங்கச்சிக்கு நடந்தது ரொம்ப வேதனை. ஆனா அது வேற மாத்திரை, இது வேற. அவங்க போட்டது மிஃபெப்ரிஸ்டோன், மிசோப்ரோஸ்டால் செட்டா இருக்கும், உண்டான கருவ கலைக்கிறது அதுதான், அதுக்கு டாக்டர் மேற்பார்வை கண்டிப்பா வேணும். ஐ-பில், அன்வாண்டட் 72 எல்லாம் லெவோநார்ஜெஸ்ட்ரல் 1.5 மில்லிகிராம். கருமுட்டை வெளிய வர்றத தள்ளிப் போடும், கரு உண்டாகாம பாத்துக்கும், அவ்ளோதான் அதோட வேலை. ஏற்கெனவே கரு தங்கியிருந்தா இத போட்டாலும் கலையாது. இந்த ரெண்டையும் ஒண்ணுன்னு நினைச்சுத்தான் பாதிக் கடைக்காரங்களே பயப்படுறாங்க.

அப்புறம் தடைன்னு சொன்னீங்க. எழுத்துல அப்படி ஒரு உத்தரவு கிடையாது. 2005லயே மத்திய அரசு டாக்டர் சீட்டு இல்லாம விக்கலாம்னு சொல்லிருச்சு. நான் வேலை பாக்குற கடைல இத வாங்கி வைங்கன்னு கேட்டதுக்கு ஓனர் சொன்னது ஒரே வார்த்தை, "எதுக்கும்மா வம்பு, இன்ஸ்பெக்டர் வந்தா நீயா பதில் சொல்லுவ?" ஒரு நாள் ஷட்டர இறக்குற நேரத்துல ஒரு பொண்ணு, துப்பட்டாவ தலையோட போத்திட்டு, வாயால கேக்க முடியாம போன்ல ஐ-பில் போட்டோவ எடுத்து என்கிட்ட நீட்டுச்சு. ஸ்க்ரீன்ல விரல் நடுங்குது. இல்லம்மான்னு சொன்னதும் "தேங்க்ஸ்க்கா"ன்னுட்டு இறங்கிப் போயிருச்சு. எங்க போச்சோ தெரியல.

லலிதா_ஸ்டாஃப்நர்ஸ்
எங்க வார்டுல இப்படி அலஞ்சுட்டு நாள் தள்ளிப்போய் வர்ற பிள்ளைங்கள பாத்துட்டேதான் இருக்கேன். அதனால எல்லாருக்கும் சொல்லிடறேன், கேக்கலன்னாலும் படிச்சு வச்சுக்கோங்க. சேர்ந்ததுல இருந்து 72 மணி நேரம்னு அட்டைல போட்டிருக்கேன்னு மூணாவது நாள் வரைக்கும் காத்திருக்கக் கூடாது, எவ்ளோ சீக்கிரம் போடுறோமோ அவ்ளோ பலன். போட்டு 2 மணி நேரத்துக்குள்ள வாந்தி எடுத்துட்டா திரும்பப் போடணும். டிபிக்கு ரிஃபாம்பிசின் எடுக்குறவங்க, வலிப்புக்கு ஃபெனிடோயின், கார்பமாஸெபின் எடுக்குறவங்களுக்கு இதோட வேகம் குறையும், உடல் எடை அதிகமா இருந்தாலும் குறையலாம், அவங்கல்லாம் டாக்டர்ட்ட சொல்லிடுங்க. அடுத்த பீரியட்ஸ் ஒரு வாரம் முன்னப்பின்ன ஆகலாம், பயப்படாதீங்க, ஒரு வாரத்துக்கு மேல தள்ளிப்போனா டெஸ்ட் பண்ணுங்க. போட்டதுக்கு அப்புறம் திரும்ப சேர்ந்தா அதுக்கு இது காவல் இல்ல. பால் குடுக்குற தாய்மாரும் போடலாம். கர்ப்பப்பை கெட்டுடும், பின்னால குழந்தையே பிறக்காதுங்கறது சுத்தப் பொய். ஆனா மாசாமாசம் இதையே நம்பி ஓட்டக் கூடாது, அதுக்கு வேற முறை இருக்கு.

முக்கியமான விஷயம், மாத்திரை கிடைக்கலன்னா அதோட முடிஞ்சுதுன்னு நினைக்காதீங்க. சேர்ந்த 5 நாளுக்குள்ள காப்பர் டி (கர்ப்பப்பைக்குள்ள வைக்கிற சின்ன தடுப்புச் சாதனம்) போட்டா மாத்திரைய விட நல்லா தடுக்கும், அதுக்கப்புறமும் வருசக்கணக்குல அதுவே பாதுகாப்பு. கவர்மெண்ட் ஆஸ்பத்திரில காசில்லாம போடுவாங்க. குடும்பநலத் திட்டத்துல ஈஸி பில்னு இதே மாத்திரையும் இருக்கு, ஆரம்ப சுகாதார நிலையத்துல கூச்சப்படாம கேளுங்க.

மதுரை_மீனா
லலிதாக்கா, கூச்சப்படாம கேளுங்கன்னு சொல்றது ஈஸிக்கா. நான் கேட்டேன். டேபிள்ல இருந்த அம்மா நோட்ட திறந்து பேரு, வயசு எழுதிட்டு "வீட்டுக்காரர் பேரு?"ன்னாங்க. கல்யாணம் ஆகலன்னேன். பேனா அப்படியே நின்னுருச்சு. குனிஞ்சு என் கால் விரல பாத்தாங்க, மெட்டி இருக்கான்னு. அப்புறம் பக்கத்து டேபிள்காரங்களப் பாத்து ஒரு சிரிப்பு. "அம்மாவ கூட்டிட்டு வா"ன்னாங்க. எனக்கு வயசு 24, சம்பாதிக்கிறேன். காப்பர் டிக்கு நான் எந்த டேபிளுக்குப் போறது, சொல்லுங்க.

யாழ்_நிலா
நான் யாழ்ப்பாணம். இஞ்ச பார்மசியில இதே குளிசைய போஸ்டினோர் எண்ட பேரில கேட்டா டொக்டர்ட துண்டு இல்லாமலே தருவினம். அதுக்காக வெக்கம் இல்லையெண்டு இல்ல. தெரிஞ்ச ஆக்கள் நிப்பினம் எண்டு நான் பக்கத்து ஊருக்கு பஸ் ஏறிப் போய்த்தான் வாங்கினனான். ஆனா தமிழ்நாட்டில கடையிலயே இல்லையெண்டது இத வாசிச்சுத்தான் தெரியும், நம்பவே ஏலாமக் கிடக்கு.

விருதை_குமரன்
தேவிக்கா, ரெண்டும் வேற மாத்திரைன்னு இப்பதான் புரியுது. இருந்தாலும் ஸ்கூல் பசங்க கைல கிடைச்சா என்ன ஆகும்? எனக்கு அந்தப் பயம் போகல.

பார்மசிஸ்ட்_தேவி
அந்தப் பயம் நியாயம்தான் தம்பி, அதுக்குப் பசங்ககிட்ட பேசணும், கடைய மூடி பிரயோஜனம் இல்ல. இது கிடைக்காம போனவங்கதான் நாள் தள்ளிப் போனதும் யார்கிட்டயோ அந்த இன்னொரு மாத்திரைய ரகசியமா வாங்கிப் போடுறாங்க.

மீனா, மறுபடி அதே டேபிளுக்குப் போகாத. கல்யாணம் ஆகணும்னு எந்தச் சட்டமும் கேக்கல. கருக்கலைப்புக்கே 2022ல சுப்ரீம் கோர்ட்டு கல்யாணம் ஆனவங்க ஆகாதவங்கன்னு பிரிச்சுப் பாக்கக் கூடாதுன்னு சொல்லிருச்சு, இது வெறும் தடுப்பு. வேற ஆஸ்பத்திரில நேரா குடும்பநலப் பிரிவு எங்கன்னு கேட்டுப் போ. இல்ல பாண்டி, பாலக்காடு பக்கம் யாராச்சும் போனா முன்கூட்டியே ஒண்ணு வாங்கி பீரோல வச்சுக்கோ, எக்ஸ்பைரி தேதி மட்டும் பாத்துக்கோ. உனக்கு இது எத்தனாவது நாள்? 5 நாள் தாண்டலன்னா இன்னிக்கே கிளம்பு, இன்பாக்ஸ்ல வா.