எல்லா யூசர் ஃபோல்டரிலும் ஒரே நேரத்தில் காப்பி, டெலீட்: உங்கள் அனுபவம் என்ன?

கல்லூரி லேபில் சிஸ்டம் அட்மின் வேலை பார்க்கிறேன். ஒரே கம்ப்யூட்டரில் பல மாணவர்கள் லாகின் செய்வதால் யூசர் ஃபோல்டர்கள் குவிந்து கிடக்கும். செமஸ்டர் மாறும்போது பழைய செட்டிங்ஸ் ஃபைலை எல்லாரிடமிருந்தும் நீக்கிவிட்டுப் புதியதைப் போட வேண்டும், கையால் செய்தால் விடிந்துவிடும், அதனால் சி டிரைவின் யூசர்ஸ் ஃபோல்டருக்குள் லூப் போட்டு ஒவ்வொரு ஃபோல்டராகச் சுற்றும் சின்ன பவர்ஷெல் (விண்டோஸின் கட்டளை மொழி) ஸ்கிரிப்ட் ஒன்று வைத்திருக்கிறேன். இதில் கவனிக்க வேண்டியது 'டிஃபால்ட்' ஃபோல்டர். புது யூசர் முதல்முறை லாகின் செய்யும்போது விண்டோஸ் அதைத்தான் நகலெடுத்துக் கொடுக்கிறது, அங்கேயும் ஃபைலைப் போட்டால்தான் நாளைக்குச் சேர்கிறவருக்கும் கிடைக்கும். ஆனால் அது மறைந்திருக்கும் ஃபோல்டர், கட்டளையில் 'ஃபோர்ஸ்' என்ற சுவிட்சைச் சேர்க்காவிட்டால் லூப்பின் கண்ணில் படாது. சேர்த்தால் 'ஆல் யூசர்ஸ்' என்பதும் கூடவே வரும். அது ஃபோல்டரே இல்லை, புரோகிராம்கள் பொதுத் தகவலை வைக்கும் புரோகிராம்டேட்டா ஃபோல்டருக்குப் போகும் லிங்க். டெலீட் ஸ்கிரிப்ட் அந்த வழியாகப் போனால் எல்லாருக்கும் பொதுவான ஃபைலில் கைவைத்துவிடும். அதையும் எல்லாருக்கும் பொதுவான 'பப்ளிக்' ஃபோல்டரையும் பெயர் சொல்லி விலக்கிவிட்டுத்தான் ஓட்டுகிறேன். மற்றவர்கள் எப்படிச் செய்கிறீர்கள்?

—

டெஸ்க்டாப் ஷார்ட்கட் மட்டும்தான் என்றால் லூப்பே வேண்டாம் நண்பரே, 'பப்ளிக்' டெஸ்க்டாப்பில் ஒன்று போட்டால் எல்லாருக்கும் தெரியும்.

எங்கள் அலுவலகத்தில் தொல்லை வேறு. ஒன்டிரைவ் (மைக்ரோசாஃப்டின் ஆன்லைன் சேமிப்பு) பேக்கப் போட்டிருப்பவர்களின் டெஸ்க்டாப், யூசர் ஃபோல்டருக்கு நேர் கீழே இருக்காது, ஒன்டிரைவ் ஃபோல்டருக்குள் போயிருக்கும். ஸ்கிரிப்ட் பழைய இடத்தில் காப்பி செய்துவிட்டு எந்தப் பிழையும் காட்டாமல் முடிந்துவிடும், யூசரோ ஒன்றும் வரவில்லை என்று போன் செய்வார். பழைய ஃபோல்டர் இல்லாமலே போயிருந்தால் இன்னும் விசித்திரம், காப்பி செய்த ஃபைலே 'டெஸ்க்டாப்' என்ற பெயரில் அங்கே உட்கார்ந்திருக்கும். இப்போது ஃபோல்டர் இருக்கிறதா என்று முதலில் பார்த்துவிட்டுத்தான் காப்பி. அப்புறம், யூசர் பெயரை மாற்றினாலும் ஃபோல்டர் பெயர் மாறாது, அதனால் பெயரை வைத்து ஆளை ஊகிக்காதீர்கள். விண்டோஸ் தன் செட்டிங்ஸை வைத்திருக்கும் ரெஜிஸ்ட்ரியில் புரொஃபைல்லிஸ்ட் என்ற இடத்தில் ஒவ்வொருவரின் சரியான பாதையும் இருக்கிறது, அங்கிருந்து எடுப்பதுதான் நம்பகமானது.

—

நான் ரோபோகாப்பி ஆள், விண்டோஸிலேயே இருக்கும் காப்பி கட்டளை அது. யாராவது ஃபைலைத் திறந்து வைத்திருந்தால் அது விடாமல் முயலும், எதுவும் சொல்லாவிட்டால் 30 விநாடிக்கு ஒரு முறை என்று 10 லட்சம் தடவை. இரவில் ஓடவிட்டுக் காலையில் வந்து பார்த்தால் முதல் யூசரிலேயே நிற்கும். எத்தனை தடவை முயல வேண்டும் என்று சொல்லும் ஆர், எவ்வளவு நேரம் காத்திருக்க வேண்டும் என்று சொல்லும் டபிள்யூ, இந்த சுவிட்ச் இரண்டையும் குறைத்து வையுங்கள். முடிவில் 1 என்று எண் வந்தால் பயப்பட வேண்டாம், ஃபைல்கள் காப்பியாகிவிட்டன என்றுதான் பொருள், 8 அல்லது அதற்கு மேல் வந்தால்தான் கோளாறு. 'மிர்' சுவிட்சை மட்டும் யூசர் ஃபோல்டர் பக்கம் கொண்டுபோகவே மாட்டேன். மூலத்தில் இல்லாத எல்லாவற்றையும் சேருமிடத்தில் அழித்துவிடும், அதில் அவர்களுடைய சொந்தப் படங்களும் போகும்.

—

டெலீட் என்றால் காலி வேரியபிளைப் (ஸ்கிரிப்டில் மதிப்பைத் தாங்கும் பெயர்) பாருங்கள். 2015 ஜனவரியில் லினக்ஸில் ஓடும் ஸ்டீம் என்ற கேம் செயலியின் ஸ்கிரிப்டில் இதுதான் நடந்தது, பாதை வைத்திருக்க வேண்டிய வேரியபிள் காலியாகிவிட, அழிக்கும் கட்டளை எல்லா ஃபோல்டருக்கும் மேலே உள்ள ரூட்டிலிருந்தே தொடங்கி யூசரின் ஃபைல்களைத் தின்றுவிட்டது. யூசர் பெயர் காலியாக வந்தால் ஸ்கிரிப்ட் அங்கேயே நிற்கும்படி ஒரு வரி எழுதுங்கள். பவர்ஷெல்லில் 'வாட்இஃப்' போட்டு ஓட்டினால் எதை அழிக்கப் போகிறது என்று பட்டியல் மட்டும் தரும், அதை வரிவரியாகப் படித்த பிறகு அந்த வார்த்தையை எடுங்கள்.