கடைச் சுவரில் மாட்டும் சட்டத் தாளுக்கு ஒரு சொல்

கொக்குவில்:
எல்லோருக்கும் வணக்கம். யாழ்ப்பாணத்துக் கடைக்காரருக்கும் சிறு தொழிற்சாலைக்காரருக்குமான தொழிற்சட்டக் கையேடு ஒன்றை மொழிபெயர்க்கிறேன். வெள்ளிக்கிழமை அச்சுக்குப் போகவேணும். 1942ஆம் ஆண்டின் 45ஆம் இலக்கத் தொழிற்சாலைகள் கட்டளைச் சட்டம், தன் பொழிப்பை, அதாவது சுருக்கத்தை, வாசலில் ஒட்டிவைக்கச் சொல்கிறது. இப்படி மாட்டியே ஆகவேண்டிய தாள்களுக்குப் பொதுச்சொல் என்ன? ஆங்கிலத்தில் statutory notice. 'நியதிச்சட்ட அறிவித்தல்' என்று போட்டேன். வாசித்துப் பார்த்த தையற்கடைப் பிள்ளை, "நியதி என்றால் தலைவிதியோ?" என்று கேட்டார்.

உடுவில்:
தம்பி, 'அறிவித்தல்' வேண்டாம். எங்கட மதிலிலும் மின்கம்பத்திலும் படத்தோடு ஒட்டியிருக்கும் மரண அறிவித்தல்தான் சனத்துக்கு அறிவித்தல். 'அறையோலை' என்று வையுங்கோ. அறைதல் பலரறியச் சொல்லுதல். மணிமேகலையின் முதற் காதையே விழாவறை காதை. முரசறைந்து சொன்னதை எழுதி மாட்டினால் அறையோலை, நல்ல வினைத்தொகை. பறைதலும் இதே குடும்பம் என்பது என் துணிபு. "என்ன பறையிறாய்?" என்று இன்றைக்கும் கேட்கிறோமே. கரைதலையும் உரைத்தலையும் இதே வரிசையில் வைத்துப் பாருங்கோ.

சென்னை:
ஐயா, அறைக்குள் ஒட்டும் ஓலை என்றுதான் படிப்பார்கள். நாங்கள் 'சட்டமுறை அறிவிப்பு' என்று எழுதுவோம்.

ரொறன்ரோ:
'பொழிப்பு' அழகான தேர்வு. குறளுக்குப் பொழிப்புரை போலச் சட்டத்துக்கும் ஒன்று. முதற்சீரும் மூன்றாஞ்சீரும் ஒன்றிவருவது பொழிப்பு மோனை. அந்தப் பெயர் எப்படி வந்தது என்று யாராவது விளக்குங்களேன்.

நல்லூர்:
மோனையைப் பிறகு பார்ப்போம் அண்ணை. என் வகுப்புக்கு வருகிற பிள்ளைகள் கடைகளில் நிற்பவர்கள். 1954ஆம் ஆண்டுக் கடை, காரியாலய ஊழியர் சட்டப்படி வேலைநேரம் நாளுக்கு 8 மணி, வாரத்துக்கு 45 மணி. ஓய்வுகாலச் சேமிப்பான சேமலாப நிதிக்குச் சம்பளத்தில் ஊழியர் பங்கு 8 வீதம், முதலாளி பங்கு 12 வீதம். இதெல்லாம் தெரியாமல் இரவு கடை பூட்டும்வரை நிற்கிறார்கள். தாளின் தலைப்பே புரியாவிட்டால் கீழே யார் வாசிப்பார்? 'கட்டாய அறிவித்தல்' போதும்.

கொக்குவில்:
அக்கா, கட்டாயம் யாருக்கு? மாட்டவேண்டியவர் முதலாளி. தாளைப் பார்க்கிற பிள்ளையோ தனக்கு ஏதோ கட்டளை என்று நினைக்கும்.

நல்லூர்:
அதுவும் சரிதான். அப்ப முதல் இடத்தில் 'சட்டப்படி மாட்டவேண்டிய அறிவித்தல்' என்று நீட்டி எழுதிவிட்டு, பிறகு 'சட்ட அறிவித்தல்' என்று சுருக்குங்கோ.

சென்னை:
எனக்குச் சம்மதம்.

ரொறன்ரோ:
எனக்கும். நேரமாகிவிட்டது.

கொக்குவில்:
நன்றி. அப்படியே அச்சுக்குக் கொடுக்கிறேன்.

உடுவில்:
எனக்குச் சம்மதமில்லை. சட்டத்தரணி அனுப்புகிற கடிதத்தையும் சட்ட அறிவித்தல் என்றுதான் சொல்கிறார்கள். வழக்கு வந்துவிட்டது என்று கடைக்காரர் பதறுவார். சொற்பட்டியலில் அறையோலையை அடைப்புக்குறிக்குள்ளாவது சேர்த்துவிடுங்கோ தம்பி.