உரப்பைத் தக்காளி: பூ உதிருது, காய் அடி கறுக்குது

உப்புவெளி_முற்றம்:
திருகோணமலையில, வீட்டு முற்றத்தில பத்து உரப்பையில தக்காளி. சித்திரை நடுவில நட்டது, இப்ப ஆனி. செடி இடுப்பளவு, இலை கடும்பச்சை. பூ நிறைய வருது, முக்கால்வாசி காம்போட விழுந்திடுது. பிடிச்ச காயும் அடிப்பக்கம் கறுத்துத் தோல் மாதிரி அமுங்குது. பின்னேரம் ஒருக்காக் கிணற்றுத் தண்ணி, கிழமைக்கு ஒரு தேக்கரண்டி யூரியா. பங்கசுநாசினி ரெண்டு தரம் அடிச்சாச்சு, பலன் இல்லை. வேற மருந்து சொல்லுங்கோ.

கிடுகுவேலி:
மருந்தே வேண்டாம். காய் அடி கறுக்கிறது கிருமியால இல்லை, அந்த நுனிக்குக் கல்சியம் போய்ச் சேராததால. கல்சியம் தண்ணியோடதான் ஏறும். வெயிலில இலைதான் அதை இழுக்கும், காய்க்கு மிச்சம்தான். கச்சான் காத்துக்கு (தென்மேற்கால வீசுற வறண்ட காத்து) மத்தியானமே பை காய்ஞ்சிடும், பின்னேரம் ஊத்தி என்ன பயன்? யூரியா இலையைப் பெருக்குது, அதின்ர அமோனியம் வேரிலயே கல்சியத்தை மறிக்குது. உடனே நிப்பாட்டுங்கோ.

காலை 6 மணிக்கு ஒன்றரை லீற்றர், பின்னேரம் 4 மணிக்கு ஒரு லீற்றர். பைக்கு மேல ரெண்டு அங்குலம் வைக்கோல். கறுத்த காய் தேறாது, பிடுங்கிப் போடுங்கோ.

மணல்காடு:
கிணறு கடற்கரைப் பக்கமா? பை வாயில வெள்ளைப் படிவும் இலை விளிம்பில கருகலும் இருந்தா தண்ணி உவர். உப்புக் கூடினா வேர் தண்ணியை இழுக்கேலாது, மண் ஈரமா இருந்தும் அதே கறுப்பு வரும். பத்து நாளைக்கு ஒருக்கா குழாய்த் தண்ணியை அடித்துளையால வழியுமட்டும் ஊத்திக் கழுவுங்கோ. தும்புச்சோறு (தேங்காய்த் தும்புத் தூள்) கலந்தனீங்களெண்டால், அதையும் முதலே ரெண்டு தரம் கழுவியிருக்கவேணும்.

உப்புவெளி_முற்றம்:
வெள்ளைப் படிவு இருக்கு. முட்டைக்கோது தூள் போட்டா கல்சியம் கிடைக்காதா? பூவுக்கு என்ன செய்ய?

கிடுகுவேலி:
கோது கரைய மாதக்கணக்கு ஆகும். அடுத்த முறை மண் கலக்கேக்க போடுங்கோ, இந்தக் காய்களுக்கு உதவாது.

மணல்காடு:
பூ உதிருறது வெக்கையால. பகல் 35 பாகையைத் தாண்டி, இரவும் 25க்குக் கீழ இறங்காட்டி மகரந்தம் செத்துப்போகும். பிறகு காம்பில இருக்கிற கணு மஞ்சளாகி, அதிலதான் பூ முறியும். செடியை ஆட்டிவிடச் சொல்லுவினம். செத்த மகரந்தத்தை ஆட்டி என்ன வரும்? தென்மேற்குப் பக்கம் காத்துக்குக் கிடுகு கட்டி, 11 மணியிலிருந்து 3 மணி வரை மேல நிழல் குடுங்கோ. குறையும், முற்றாக நிற்காது.

பிழை நட்ட மாதத்தில. திருகோணமலையில மார்கழி கடைசியில, மழை படாத கூரைக்குக் கீழ நாற்றுப் போட்டு, 25 நாளில, தை நடுப்பகுதியில, பெருமழை ஓய நடவேணும். பங்குனியில காய் பறிக்கலாம், கச்சானுக்கு முதல் வேலை முடிஞ்சிடும்.

கிடுகுவேலி:
ஓம். பத்துச் செடியையும் வைச்சு இழுபட வேண்டாம், நல்ல நாலை மட்டும் வையுங்கோ. எறியிற செடியில பச்சையாவே திடீரெண்டு வாடினது இருந்தா, தண்டை வெட்டித் தெளிந்த தண்ணிக் கிளாசில தொங்கவிடுங்கோ. சில நிமிடத்தில பால் நூல் மாதிரி இறங்கினா பற்றீரியா வாடல். அந்தப் பை மண்ணில கத்தரி, மிளகாயும் வைக்கக்கூடாது.